ஜீப்பின் வயது அதன் அடியில் இருக்கிறது

மலைச்சாலைக்கென ஒரு வண்டி வாங்க விரும்புகிறவர் விற்பனைக் கூடத்தில் முதலில் கேட்பது இன்ஜினைப் பற்றி. முதலில் தொட்டுப் பார்ப்பது தொடுதிரையை. பழைய வண்டிச் சந்தையிலும் நிலைமை வேறல்ல. 'எந்த வருட மாடல்' என்ற கேள்வி அங்கே விலையைக் குறைப்பதற்காகவே எழுப்பப்படுகிறது. வண்டியின் ஸ்டியரிங்கும் சஸ்பென்ஷனும் எந்தத் தலைமுறையைச் சேர்ந்தவை என்பதும் அந்த வருட எண்ணுக்குள் அடங்கியிருக்கிறது. அதைக் கருதிப் பார்ப்பவர் குறைவு. பெயர் ஒன்று, தோற்றம் ஏறத்தாழ ஒன்று. ஆனால், சக்கரத்தையும் சட்டகத்தையும் இணைக்கும் அமைப்பு முற்றிலும் வேறு என்ற நிலை நம் நாட்டு ஜீப் வகை வண்டிகளில் பலமுறை நேர்ந்திருக்கிறது. மகிந்திரா தார் அதற்கு மிகத் தெளிவான உதாரணம். தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் இன்று அதிகம் கண்ணில் படும் மலைவண்டியும் அதுவே என்பதால், அதை முன்வைத்தே இந்தச் செய்தியைப் பேச விரும்புகிறேன்.

மணிமுத்தாறு அணையைத் தாண்டி, வனத்துறைச் சோதனைச் சாவடியிலிருந்து மேலேறும் சாலையை அறிந்தவர்களுக்கு இதன் தேவையை விளக்க வேண்டியதில்லை. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தொடரும் அந்தப் பாதை, சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பாம்பே பர்மா நிறுவனம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற தேயிலைத் தோட்டங்களை நோக்கிச் செல்வது. இன்று அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் ஊடாகச் செல்லும் காட்டுச்சாலை. தார் பெயர்ந்து கல் தெரியும் இடங்களும், மழைநீர் அரித்த ஓரங்களும், ஒரே மூச்சில் திருப்ப முடியாத கொண்டை ஊசி வளைவுகளும் கொண்டது. இத்தகைய சாலையில் வண்டி ஏறுவதற்கு வேண்டிய சக்தி பழைய ஜீப்புகளிடமும் இருந்தது. இறங்கும்போது ஒரு சக்கரம் பள்ளத்திலும் மறு சக்கரம் கல்லின் மீதும் இருக்கும் நிலையில், ஓட்டுநர் திருப்பிய திசைக்கே வண்டி திரும்புகிறதா என்பதுதான் அங்கே கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டியவை ஸ்டியரிங்கும் சஸ்பென்ஷனும்.

பழைய ஜீப்பின் கதை 1947இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டி விற்கும் பணியை மகிந்திரா நிறுவனம் அந்த ஆண்டில்தான் மேற்கொண்டது. அந்த வண்டியின் நான்கு மூலைகளிலும் பட்டை ஸ்பிரிங். அதாவது, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய எஃகுத் தகடுகள். முன்னும் பின்னும், இடச் சக்கரத்தையும் வலச் சக்கரத்தையும் இணைக்கும் ஒரே இரும்பு அச்சு. மாட்டுவண்டியின் அச்சுக்கும் இதற்கும் கொள்கையளவில் பெரிய தொலைவில்லை.

பட்டை ஸ்பிரிங்கை இழிவாகச் சொல்ல நான் துணியமாட்டேன். பளுவைத் தாங்குவது, அச்சை அதன் இடத்தில் பிடித்து வைப்பது, அதிர்ச்சியை ஓரளவு உறிஞ்சுவது என்ற மூன்று பணிகளை ஒரே பொருள் செய்துவிடுகிறது. தகடு ஒன்று ஒடிந்தால் அம்பாசமுத்திரத்திலோ கல்லிடைக்குறிச்சியிலோ உள்ள பட்டறையில் மாற்றிக்கொண்டு மாலைக்குள் வீடு திரும்பலாம். லாரிகள் இன்றும் அதை நம்பியே ஓடுகின்றன. ஆயினும், மூன்று பணிகளை ஒருவனிடமே ஒப்படைத்தால் எதையும் அவன் முழுமையாகச் செய்ய இயலாது. பளுவுக்காகக் கடினமாக்கினால் சக்கரம் தரையின் மேடுபள்ளத்தைத் தொடராது. மென்மையாக்கினால் அச்சு தன் இடத்தைவிட்டு நகரும். தகடுகள் ஒன்றோடொன்று உராய்வதால், சிறு அதிர்வுகளுக்கு அந்த அடுக்கு அசைந்தே கொடுக்காது. கூழாங்கல் பாதையில் பழைய ஜீப் இடுப்பை உடைப்பதற்குக் காரணம் இதுவே.

ஸ்டியரிங்கைப் பொறுத்தவரை சிக்கல் இன்னும் நுட்பமானது. ஸ்டியரிங் பெட்டி சட்டகத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது. சக்கரமோ அச்சோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடுகிறது. இரண்டையும் இணைக்கும் இரும்புக் கோலுக்கு டிராக் லிங்க் என்று பெயர். அச்சு மேலெழும்போது ஸ்பிரிங் அதை ஒரு வளைவில் நகர்த்துகிறது. டிராக் லிங்க்கின் முனையோ வேறொரு வளைவில் நகர விரும்புகிறது. இரு வளைவுகளும் பொருந்தாத அளவுக்கு, ஓட்டுநர் கையை அசைக்காமலேயே சக்கரம் சிறிது திரும்பிவிடும். குழியில் விழுந்து எழும் ஒவ்வொரு முறையும் வண்டி ஒரு பக்கம் இழுப்பதாக ஓட்டுநர்கள் சொல்வது இதைத்தான். கிங் பின்னும் டை ராட் முனைகளும் தேய்ந்துபோன வண்டியில் இதன் கொடிய வடிவம் வெளிப்படும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் ஏதோ ஒரு குழி தொடக்கிவைக்க, முன்சக்கரங்கள் இரண்டும் இடமும் வலமுமாக உதறத் தொடங்கி, வண்டியை ஏறத்தாழ நிறுத்தும்வரை அடங்காது. முன்புறம் முழு அச்சு கொண்ட எல்லா வண்டிகளிலும் இந்த உதறலுக்கு இடமுண்டு. அமெரிக்காவில் 2018இல் வந்த புதிய தலைமுறை ஜீப் ரேங்லர் வண்டிகளிலேயே இவ்வகை அதிர்வு குறித்த புகார்கள் எழுந்து, 2019இல் நிறுவனம் ஸ்டியரிங் டேம்பரை மாற்றித்தர நேர்ந்தது. எழுபது ஆண்டு அனுபவமுள்ள பொறியாளர்களையும் விடாமல் துரத்திய நோய் இது.

இங்கே சற்று விலகி, மாருதி ஜிப்சியைப் பற்றி ஒரு வார்த்தை. 1985இல் வந்த அந்த வண்டி 1993இல் ஒரு மாற்றம் பெற்றது: இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடைப்பட்ட அகலம் 90 மில்லிமீட்டர் கூட்டப்பட்டது. நாலு விரற்கடைக்குச் சற்று அதிகம். இந்த அகலத்தின் அருமையை அறிய வேண்டுமானால், அதே குடும்பத்தைச் சேர்ந்த சுசுகி சாமுராய் 1988இல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழால் 'கவிழும் அபாயமுள்ளது' என்று நிராகரிக்கப்பட்டதையும், அதன் பொருட்டு 1996இல் சுசுகி தொடுத்த வழக்கு 2004இல் சமரசத்தில் முடிந்ததையும் நினைவுகூரலாம். ஒல்லியான உயரமான வண்டிக்குச் சில அங்குல அகலம் என்ன பொருள்படும் என்பது அந்த விவாதம் முழுவதிலும் பேசப்பட்டது. நம் ஊரில் 1993க்கு முந்தைய ஜிப்சியையும் பிந்தையதையும் பிரித்துப் பார்த்து வாங்கியவர்கள் எத்தனை பேர் இருப்பர்?

தார் என்ற பெயர் 2010இல் அறிமுகமானது. ஒரே பெயரில் இருவேறு வண்டிகள் விற்கப்பட்டன என்பதை இன்று பலர் மறந்துவிட்டனர். டி.ஐ. என்ற எளிய வகையில் முன்புறமும் பழைய முறைப்படி பட்டை ஸ்பிரிங்தான். சி.ஆர்.டி.இ. என்ற உயர்வகையில் முன்புற முழு அச்சு நீக்கப்பட்டு, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு வந்தது. அதற்கு ஸ்பிரிங்காக அமைந்தது முறுக்குத் தண்டு. சட்டகத்தோடு நீளவாக்கில் கிடக்கும் இந்த எஃகுத் தண்டு, சக்கரம் மேலெழும்போது துணியைப் பிழிவதுபோல் முறுக்கிக்கொண்டு திரும்ப விரியும். பவர் ஸ்டியரிங்கும் கிடைத்தது. பின்புறம் மட்டும் பட்டை ஸ்பிரிங் தொடர்ந்தது. ஆகவே, அந்த வண்டியின் முன்பாதி ஒரு காலத்தையும் பின்பாதி மற்றொரு காலத்தையும் சேர்ந்தது எனலாம். முன்சக்கரங்கள் ஒன்றையொன்று உதைத்துக்கொள்ளாத காரணத்தால் பழைய உதறல் பெருமளவு ஒழிந்தது. பின்புறமோ காலி வண்டியாகப் போகும்போது குதித்தது. வளைவின் நடுவில் குழி வந்தால் பின்பகுதி பக்கவாட்டில் எட்டிவைத்து நகர்ந்தது.

2015இல் தாருக்கு ஒரு புதுப்பிப்பு நடந்தது. பின்புற அச்சில் தானே பூட்டிக்கொள்ளும் டிஃபரன்ஷியல் சேர்ந்தது, உட்புறம் மாறியது. 2019இல் வந்த 'தார் 700' என்ற இறுதிப் பதிப்பில் ஏ.பி.எஸ். பிரேக் சேர்ந்தது. இவை இரண்டும் பயனுள்ளவையே. ஆனால், 2010ஆம் ஆண்டுத் தாருக்கும் 2019ஆம் ஆண்டுத் தாருக்கும் சஸ்பென்ஷனின் அடிப்படை ஒன்றுதான். ஒன்பது வருட இடைவெளிக்காகப் பல லட்சம் கூடுதலாகக் கொடுப்பவர், எதற்குக் கொடுக்கிறோம் என்பதை அறிந்து கொடுப்பது நல்லது.

உண்மையான பிரிகோடு 2020. அந்த ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் விற்பனைக்கு வந்த இரண்டாம் தலைமுறைத் தாரில் பட்டை ஸ்பிரிங் முற்றாக மறைந்தது. முன்புறம் இரட்டை விஷ்போன். அதாவது, 'ஏ' வடிவிலான இரு கைகள் ஒன்றன் மேல் ஒன்றாக நின்று சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள, அவற்றின் மீது சுருள் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் அமரும். பின்புறம் முழு அச்சு தொடர்ந்தாலும், அதைப் பிடித்து வைப்பதற்குத் தனியே இணைப்புக் கைகள் வந்தன; பளுவைத் தாங்குவது சுருள் ஸ்பிரிங்கின் வேலை என்றாயிற்று. முன்னும் பின்னும் சாய்வைக் கட்டுப்படுத்தும் ஸ்டெபிலைசர் கம்பி. ஒருவனிடமிருந்த மூன்று பணிகள் மூவருக்குப் பிரித்தளிக்கப்பட்டன. அந்தப் பிரிவினைதான் இந்த முன்னேற்றத்தின் சாரம். மற்றவை அதன் விளைவுகள்.

விளைவு என்னவென்றால், சுருள் ஸ்பிரிங்கில் தகடுகளின் உராய்வு இல்லாததால் சக்கரம் சிறு கல்லையும் தொடர்ந்து ஏறி இறங்குகிறது. சக்கரம் தரையை விட்டு எழாத நேரமெல்லாம் ஸ்டியரிங்கும் பிரேக்கும் வேலை செய்யும் நேரம். மாஞ்சோலைச் சாலையின் இறக்கத்தில் இது சொகுசுச் சங்கதி அன்று. மூட்டை முடிச்சுகளோடு ஆறு பேரை ஏற்றிக்கொண்டு மழையில் இறங்கும் வாடகை ஜீப்பின் ஓட்டுநருக்கு, ஒவ்வொரு குழிக்குப் பின்னும் ஸ்டியரிங்கைத் திருத்த வேண்டிய கட்டாயம் குறைகிறது என்றால் அவருடைய களைப்பு குறைகிறது. கவனம் எதிரே வரும் அரசுப் பேருந்தின் மீது நிலைக்கிறது.

இந்த மாற்றம் நமக்கு எவ்வளவு தாமதமாக வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இங்கிலாந்தில் ரேஞ்ச் ரோவர் 1970இலேயே நான்கு மூலைகளிலும் சுருள் ஸ்பிரிங்குடன் வந்துவிட்டது. அதே நிறுவனத்தின் உழைப்பு வண்டியான லேண்ட் ரோவர் 1983இல் அதைப் பின்பற்றியது. ஜீப் ரேங்லர் 1997ஆம் ஆண்டு மாடலில் மாறியது. நம் நாட்டில் ஜீப்பின் நேர்வாரிசு பட்டை ஸ்பிரிங்கைக் கைவிட, ரேஞ்ச் ரோவர் வந்து சரியாக ஐம்பது ஆண்டுகள் ஆயின. வாங்குபவர் கேட்காததை விற்பவர் தருவதில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. தமிழ்நாட்டில் இதற்கான திறமைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. சென்னையின் ராணே குழுமம் பல பத்தாண்டுகளாக ஸ்டியரிங் பாகங்களையும் பால் ஜாயின்ட்டுகளையும் நாடு முழுமைக்கும் செய்து தருகிறது. மகிந்திராவின் ஆராய்ச்சிக் கூடமே செங்கல்பட்டை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் இருக்கிறது.

2020ஆம் ஆண்டுத் தாரில் ஸ்டியரிங்குக்குத் துணைநின்றது எண்ணெய் அழுத்தம். இன்ஜின் சுழற்றும் பம்ப் எண்ணெயை அழுத்த, அந்த அழுத்தம் ஓட்டுநரின் கைக்கு வலுச்சேர்க்கும். நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2024 ஆகஸ்டில் வந்த ஐந்து கதவுகள் கொண்ட தார் ராக்ஸில் அந்த இடத்தை மின்மோட்டார் பிடித்தது. இதைப் பற்றி வண்டிப் பிரியர்களிடையே இரு கட்சிகள் உண்டு. எண்ணெய் ஸ்டியரிங்கில் தரையின் செய்தி கைக்கு வந்து சேர்கிறது, மின் ஸ்டியரிங்கில் அது ஊமையாகிவிடுகிறது என்பது ஒரு கட்சி. இந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், கொண்டை ஊசி வளைவில் இரண்டு மூன்று முறை முன்னும் பின்னுமாக எடுத்துத் திருப்புகிற ஓட்டுநரின் தோளைக் கேட்டால் வேறு பதில் வரும். மின் ஸ்டியரிங் மெதுவாகப் போகையில் இலகுவாகவும் விரைவாகப் போகையில் இறுக்கமாகவும் தன்னை மாற்றிக்கொள்ள வல்லது. எண்ணெய்க் குழாயும் அதன் ஒழுக்கும் இல்லை. பழுது வந்தால் நம் ஊர்ப் பட்டறை கை வைக்க முடியாது என்பது அதன் குறை. எண்ணெய்க் குழாய் வெடித்தால் காக்காச்சியில் ஒருவர் எதையாவது சுற்றிக் கட்டி வண்டியைக் கீழே இறக்கிவிடுவார். கட்டுப்பாட்டுக் கணினி பழுதானால் எதைச் சுற்றிக் கட்டுவது? அப்போதும் வண்டி திரும்பும். ஆனால், துணையின்றித் திருப்ப நல்ல வலு வேண்டும்.

ராக்ஸின் பின்புறச் சஸ்பென்ஷனில் நிகழ்ந்த மாற்றமே என்னை அதிகம் கவர்ந்தது. முழு அச்சைச் சுருள் ஸ்பிரிங்கின் மீது வைத்துவிட்டால், அது பக்கவாட்டில் நகராமல் தடுக்க ஏதேனும் ஒன்று வேண்டும். வழக்கமான தீர்வு பான்ஹார்ட் கம்பி: ஒரு முனை சட்டகத்தில், மறுமுனை அச்சில். எளியது, மலிவானது. எனினும், ஒரு முனை நிலையாக நிற்க மறுமுனை ஏறி இறங்கும்போது அச்சு வட்டத்தின் வில்லாகச் சிறிது பக்கவாட்டில் நகர்ந்தே தீரும். இடப்பக்க வளைவிலும் வலப்பக்க வளைவிலும் வண்டி ஒன்றுபோல் நடந்துகொள்ளாததற்கு இது ஒரு காரணம். ராக்ஸில் இதற்கு மாற்றாக வாட் இணைப்பு வந்திருக்கிறது. அச்சின் நடுவில் சுழலும் ஒரு சிறு கை, அதன் இரு முனைகளிலிருந்தும் எதிரெதிர்த் திசையில் சட்டகத்துக்குச் செல்லும் இரு கம்பிகள். ஒன்று இழுக்கும் அளவுக்கு மற்றொன்று இடங்கொடுக்க, அச்சின் நடுப்புள்ளி ஏறத்தாழ நேர்கோட்டில் ஏறி இறங்குகிறது. நீராவி இன்ஜினைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட் 1784இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. பிஸ்டன் தண்டை நேராக நகர்த்துவதற்காக அவர் கண்டது, 240 ஆண்டுகள் கழித்து நம் மலைவண்டியின் அச்சை நேராக நகர்த்துகிறது. மகிந்திரா இதை 2022இல் ஸ்கார்பியோ-என் வண்டியில் முதலில் கையாண்டு, பிறகு ராக்ஸுக்குக் கொண்டுவந்தது. அதிர்வின் வேகத்துக்கேற்பத் தன் இறுக்கத்தை மாற்றிக்கொள்ளும் ஷாக் அப்சார்பரும் அவ்வழியே வந்ததுதான். கூழாங்கல்லின் துடிப்புக்கு இளகியும், வளைவின் மெதுவான சாய்வுக்கு இறுகியும் கொடுக்கும் அமைப்பு அது.

எல்லா மாற்றமும் ஏற்றமே என்று கொள்ள வேண்டியதில்லை. மூன்று கதவுத் தாரின் முன்பின் சக்கரங்களுக்கு இடையிலான தொலைவு 2,450 மில்லிமீட்டர், ராக்ஸில் 2,850. இந்த 400 மில்லிமீட்டர் நீளம் நெடுஞ்சாலையில் நிதானத்தையும், பின்னிருக்கையில் இடத்தையும் தருகிறது. மேட்டின் உச்சியைக் கடக்கும்போதோ வண்டியின் வயிறு இடிக்காமல் தாண்டும் கோணம் ஏறத்தாழ 26 பாகையிலிருந்து 24 பாகைக்கு இறங்குகிறது. கொண்டை ஊசி வளைவிலும் நீண்ட வண்டிக்குக் கூடுதல் இடம் வேண்டும். மாஞ்சோலைக்கு மட்டும் போய்வருபவர் குட்டையான வண்டியை விரும்பினால் அதில் நியாயம் உண்டு.

மலை மட்டுமே நம் பள்ளத்தாக்கு அன்று. தாமிரபரணி கடலைச் சேரும் பக்கத்தில் குதிரைமொழித் தேரியின் செம்மணல் இருக்கிறது. அங்கே சஸ்பென்ஷனைக் காட்டிலும் டயரின் காற்றழுத்தமே வண்டியைக் கரைசேர்க்கும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். வெள்ளத்தை அப்படி விடுவதற்கில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டி, திருநெல்வேலியும் தூத்துக்குடியும் தீவுகளானபோது, ஊர்ப்புறங்களில் ஆட்களையும் உணவையும் ஏற்றிச் சென்றவற்றில் டிராக்டருக்கு அடுத்து ஜீப் வகை வண்டிகள் இருந்தன. இன்றைய தார் 650 மில்லிமீட்டர் ஆழ நீரைக் கடக்க வல்லது என்கிறது நிறுவனம். அது நிற்கும் நீருக்கான கணக்கு. ஓடும் நீரில் வண்டி மிதக்கத் தொடங்கினால் எந்தச் சஸ்பென்ஷனும் உதவாது. கடந்தபின் என்ன செய்வது என்பதையும் விளம்பரம் சொல்வதில்லை. பால் ஜாயின்ட்டுகளை மூடியுள்ள ரப்பர் உறையில் சிறு கிழிசல் இருந்தாலும் சேற்றுநீர் புகுந்து, உள்ளிருக்கும் கிரீஸ் தன் குணத்தை இழக்கும். அடுத்த சில மாதங்களில் ஜாயின்ட் தளரும். அந்த வெள்ளத்தில் நின்ற பல வண்டிகள் பிற்பாடு நல்ல விலைக்குக் கைமாறியிருக்கும் என்பதை வாங்குவோர் கருத்தில் கொள்ள வேண்டும்.

இனி, என்னை இந்தக் கட்டுரை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். பொறியாளர்கள் மில்லிமீட்டர் கணக்கில் பல ஆண்டுகள் உழைத்துத் திருத்தியதை, நம் இளைஞர்கள் ஒரு பிற்பகலில் கலைத்துவிடுகின்றனர். வண்டியை இரண்டு மூன்று அங்குலம் தூக்குவதும், சட்டகத்துக்கு வெளியே நீளும் அகல டயர்களைப் பூட்டுவதும் இன்று நாகரிகமாகிவிட்டது. பழைய முறுக்குத் தண்டுத் தாரில் ஒரு போல்ட்டைத் திருகியே முன்புறத்தை உயர்த்திவிட முடியும், செலவே இல்லை. அதன் விலை வேறிடத்தில் வசூலாகிறது. உயர்த்திய சக்கரம் ஏற்கெனவே தன் இறக்கத்தின் எல்லையில் நிற்பதால், பள்ளம் வந்தால் தொங்கிப் பிடிக்க மிச்சம் இடம் இல்லை. அது தரையை விட்டு எழும். சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் ஜாயின்ட் சாய்வான கோணத்தில் சுழன்று விரைவில் தேயும். டை ராட் சாய்ந்து நிற்பதால், நான் முன்னே சொன்ன அந்த இரு வளைவுகளின் பொருத்தம் மீண்டும் குலைகிறது. முழு அச்சு வண்டியைத் தூக்கினாலோ காஸ்டர் கோணம் குறைகிறது. சைக்கிளின் முன்கவை சற்றுச் சாய்ந்திருப்பதால்தான் கையை விட்டாலும் அது நேரே போகிறது. அந்தச் சாய்வே காஸ்டர். அது குறைந்தால் வளைவு முடிந்தபின் ஸ்டியரிங் தானே நேராகத் திரும்பாது, உதறலும் வரும். வண்டியின் புவியீர்ப்பு மையம் உயர்வதைச் சொல்லவே வேண்டியதில்லை. 1993இல் 90 மில்லிமீட்டர் அகலத்தால் ஜிப்சி பெற்றதை, தன் பணத்தைச் செலவழித்து இழக்கும் வேலை இது.

சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்று வகுத்தது. ஹரியாணாவின் மண்டி டப்வாலி போன்ற இடங்களில் பழைய ஜீப்புகளைப் புதிதுபோல் ஒட்டுப்போட்டுச் செய்து தரும் பட்டறைகள் ஏராளம். அங்கிருந்து வாங்கிவரும் வண்டியின் ஸ்டியரிங் எந்த ஆண்டினது, அச்சு எந்த வண்டியினது, ஸ்பிரிங் யாருடையது என்று யாராலும் கூற இயலாது. அத்தகைய வண்டியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி மலையேற்றுவதை நான் துணிச்சல் என்று கொள்ளமாட்டேன்.

சட்டத்தைப் பற்றிப் பேசும்போது, அதன் தளர்வையும் சொல்லிவிடுவது முறை. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 98ஆம் விதி, ஸ்டியரிங்கில் 30 பாகைக்கு மேல் வெற்றாட்டம் இருக்கக் கூடாது என்கிறது. அதாவது, 30 பாகை வரை இருக்கலாம். 40 செ.மீ. விட்டமுள்ள ஸ்டியரிங்கின் விளிம்பில் இது சற்றேறக்குறைய பத்தரை செ.மீ. உள்ளங்கை அகலத்துக்கும் மேலாகத் திருப்பியும் சக்கரம் அசையாது என்றால், அந்த வண்டி விதிப்படி தகுதியானதே! ஸ்டியரிங் பதினாறு பாகை திரும்பினால் சக்கரம் ஒரு பாகை திரும்பும் என்று கொண்டால், அந்த 30 பாகை சாலையில் பத்து மீட்டர் தொலைவுக்கு ஓரடி வழுவலாகும். மணிமுத்தாறு மலைச்சாலையின் ஓரங்களில் ஓரடி மிச்சம் இல்லாத இடங்கள் உண்டு. சமவெளிக்கும் மலைக்கும் ஒரே அளவுகோல் என்பது 1989இல் பொருந்தியிருக்கலாம். பவர் ஸ்டியரிங் பரவலாகிவிட்ட இக்காலத்தில் மலைப்பாதை வாடகை வண்டிகளுக்கேனும் இதைப் பாதியாகக் குறைப்பதில் நடைமுறைச் சிக்கல் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. வனத்துறை தன் சோதனைச் சாவடியில் மது, பிளாஸ்டிக் ஆகியவற்றைத் தேடுவதுபோல, மேலே போகும் வாடகை வண்டியின் ஸ்டியரிங்கையும் ஒருமுறை அசைத்துப் பார்க்கலாம். அரை நிமிட வேலை அது.

நிறுவனங்களிடமும் ஒரு கோரிக்கை உண்டு. மாடல் ஆண்டுதோறும் எந்த புஷ் மாறியது, எந்த ஷாக் அப்சார்பரின் அளவு திருத்தப்பட்டது என்ற விவரங்கள் அவற்றின் சேவை மையங்களின் ஆவணங்களில் இருக்கின்றன. பழைய வண்டி வாங்கும் தென்காசி விவசாயியின் கைக்கு அவை எட்டுவதில்லை. அவற்றைத் தமிழில், ஒரே பக்கத்தில் வெளியிட்டால் விற்பனை குறைந்துவிடாது.

அதுவரை வாங்குபவர் தாமே செய்துகொள்ளக்கூடியவை சில. பதிவுச் சான்றிதழில் உற்பத்தி மாதமும் ஆண்டும் இருக்கும். பதிவு நாளை விடுத்து அதைப் பார்க்க வேண்டும். 2020 அக்டோபருக்கு முன்னதா பின்னதா என்பதை அதில் அறியலாம். பிறகு குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தால், பின்புறம் பட்டையா சுருளா என்பது கண்ணுக்கே தெரியும். இன்ஜினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது அசைக்க, மற்றொருவர் கீழிருந்து டை ராட் முனைகளைக் கவனிக்க வேண்டும். கோல் நகர்ந்தும் சக்கரம் நகரவில்லை என்றால் இடையில் ஏதோ தேய்ந்திருக்கிறது. முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பால் ஜாயின்ட்டின் தளர்ச்சி கையில் தெரியும். டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் வண்டி எப்போதோ தூக்கப்பட்டிருக்கிறது அல்லது எதிலோ இடித்திருக்கிறது. ஓட்டிப் பார்க்கும்போது நாற்கரச் சாலையின் வழவழப்பில் ஓட்டுவதால் எதுவும் விளங்காது. பாபநாசத்துக்கு மேலே ஒரு குழிவிழுந்த வளைவைத் தேர்ந்து, விற்பவரையும் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, மெதுவாக இறங்கிப் பார்க்க வேண்டும்.